ஒரு புள்ளியின் விலை

விளையாட்டு என்றவுடன் நம்மவர் உள்ளத்தில் தோன்றுவன உலகக் கோப்பையும் ஒலிம்பிக் பதக்கமுமே. பேரரங்குகளில் ஆடுவோரின் பெயர்களை நம் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்வர். ஆனால் அப்பேரரங்குக்கு ஒருபடி கீழே, ஊர்தோறும் சென்று, மாதக்கணக்கில், ஊதியம் பெற்று ஆடும் ஆட்டக்காரர்களைப் பற்றி நாம் பேசுவது அரிது. இத்திங்கள் அத்தகைய ஓர் ஆட்டப் பருவத்தைப் பற்றி அன்பர்களோடு உரையாட விழைகின்றோம். அதனால் நம் தீவுகளுக்கு ஆகக்கூடிய பயன் ஒன்று உண்டு என்பதே இதனை எழுதத் தூண்டியது.

கனடாவில் உற்றார் உறவினரை உடைய அன்பர்கள் ஐஸ் ஹாக்கி என்னும் ஆட்டத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பர். உறைந்த பனித்தரையில் சறுக்குக் காலணி அணிந்து ஆடப்படுவது அது. அங்கே தேசிய ஹாக்கி லீக் என்பது மேலடுக்கு. அதன்கீழ் 1936ஆம் ஆண்டில் தொடங்கிய அமெரிக்க ஹாக்கி லீக் இன்றும் நடைபெற்று வருகின்றது. மேலடுக்குக் கழகங்கள் தம் இளைஞர்களை அங்கே அனுப்பிப் பழக்குகின்றன. தேறியவர்களை மேலே அழைத்துக்கொள்கின்றன. ஆகவே அங்குக் கீழடுக்கு என்பது இழிவன்று. மேலே ஏறுவோர் கால்வைக்கும் படி அது.

நம் நாட்டில் பனித்தரை ஆட்டம் லடாக் போன்ற குளிர்ப் பகுதிகளில்தான் உண்டு. ஆனால் மேலடுக்கு, கீழடுக்கு என்னும் இவ்வமைப்பின் சிறப்பையும் குறையையும் ஒருங்கே காட்டிய நிகழ்ச்சி தமிழ் மண்ணிலேயே நடந்தது. கோயம்புத்தூரைத் தம் களமாகக் கொண்டிருந்த சென்னை சிட்டி கால்பந்துக் கழகத்தின் 2018–19ஆம் ஆண்டுப் பருவமே அது.

அன்றைய நிலையை முதலில் விளக்குதல் வேண்டும். 2007ஆம் ஆண்டில் தொடங்கிய ஐ-லீக் நெடுங்காலம் இந்தியக் கால்பந்தின் தலைமைப் போட்டியாக விளங்கியது. 2014ஆம் ஆண்டில் இந்தியன் சூப்பர் லீக் தோன்றியதும் பெருஞ்செல்வரும் திரைப்படப் புகழ் வாய்ந்தோரும் அப்பக்கம் சென்றனர். விளம்பரமும் பார்வையாளர் கூட்டமும் அவர்களைப் பின்தொடர்ந்தன. ஏட்டளவில் ஐ-லீக் தன் தகுதியை இழக்கவில்லை. ஆயினும் மக்கள் மனத்தில் அது இரண்டாம் இடத்துக்கு இறங்கியிருந்தது. 2018–19ஆம் பருவத்தின் இடையில், அதன் ஆட்டங்கள் அனைத்தையும் தொலைக்காட்சியில் காட்டுவதுகூட நின்றுபோயிற்று.

சென்னை சிட்டிக் கழகத்தின் வேர் 1946ஆம் ஆண்டில் நுங்கம்பாக்கத்தில் தொடங்கிய ஒரு விளையாட்டுச் சங்கத்தில் உள்ளது. 2016–17ஆம் பருவத்தில் அது ஐ-லீக்கில் இடம்பெற்றது. அடுத்த பருவத்தில் சென்னையை விட்டுக் கோவை ஜவகர்லால் நேரு அரங்குக்குக் குடிபெயர்ந்தது. அவ்வாண்டு பத்து அணிகளுள் எட்டாம் இடமே அதற்குக் கிட்டியது. குடிபெயர்ந்த குடும்பத்துக்குப் புது ஊரில் முதலாண்டு எத்தகையதாக இருக்கும் என்பதை நம் அன்பர்களுக்கு நாம் சொல்லவேண்டுவதில்லை.

2018இல் அக்கழகம் திரட்டிய அணி பெரும்பெயர் பெற்றோரின் அணியன்று. பயிற்சியாளர் அக்பர் நவாஸ் சிங்கப்பூரைச் சேர்ந்தவர். உருகுவே நாட்டவரான பெத்ரோ மான்சி, நெஸ்டர் கோர்டில்லோ, சாந்த்ரோ ரோத்ரிகேஸ் முதலியோர் ஸ்பெயின் நாட்டின் கீழடுக்குப் போட்டிகளில் ஆடிப் பழகியவர்கள். அவர்களோடு எட்வின் சிட்னி வான்ஸ்பால், அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ் போன்ற தமிழ்நாட்டு இளைஞர்கள் தோளோடு தோள் நின்றனர். அயல்நாட்டார் சிலரும் உள்ளூர் இளைஞரும் ஒரே மொழியறியாமல் ஒரே நோக்கத்தோடு கூடிய கூட்டம் அது.

போட்டியில் 11 அணிகள். ஒவ்வோர் அணியும் மற்றப் பத்து அணிகளோடு தன் ஊரில் ஒருமுறையும் அவர்கள் ஊரில் ஒருமுறையும் மோதவேண்டும். ஆக ஓர் அணிக்கு 20 ஆட்டங்கள். வென்றால் மூன்று புள்ளி, சமன் செய்தால் ஒன்று, தோற்றால் இல்லை. 2018 அக்டோபர் 26ஆம் நாள் கோவையில் இந்தியன் ஏரோஸ் அணியை 4–1 என்று வென்று சென்னை சிட்டி பருவத்தைத் தொடங்கிற்று. பின்னர் காஷ்மீரத்தின் சீநகர், மிசோரமின் ஐசால், மணிப்பூரின் இம்பால், கொல்கத்தா, கோழிக்கோடு என நாட்டின் நான்கு மூலைகளுக்கும் பயணம். வெயிலில் ஆடியவர்கள் சில நாள்களில் கடுங்குளிரில் ஆடவேண்டும். நான்கரை மாத காலம் இவ்வாறு நடந்தது.

முடிவில் என்ன நேர்ந்தது என்பதைச் சொல்கின்றோம். 2019 மார்ச் 9ஆம் நாள், கடைசி ஆட்டத்துக்கு முன்னர், சென்னை சிட்டியிடம் 40 புள்ளிகள்; 1920ஆம் ஆண்டு முதல் புகழோடு விளங்கும் கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் அணியிடம் 39. கோவையில் சென்னை சிட்டி, முந்தைய ஆண்டு வாகை சூடிய மினர்வா பஞ்சாப் அணியை எதிர்கொண்டது. அதே வேளையில் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் கோகுலம் அணியோடு மோதியது. கோவை ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே மினர்வா ஒரு கோல் அடித்துவிட்டது. இடைவேளை வரை சென்னை சிட்டி பின்தங்கியே நின்றது. பின்பாதியில் பெனால்டி வாய்ப்பை மான்சி கோலாக்கினார். கௌரவ் போரா இரண்டு கோல்கள் அடித்தார். ஆட்டம் 3–1 என முடிந்தது. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் 2–1 என்று வென்றிருந்தது. 43க்கு 42! தமிழ்நாட்டு அணியொன்று தேசியக் கால்பந்து லீக் பட்டத்தை வென்றது அதுவே முதன்முறை. மான்சி அப்பருவத்தில் அடித்த கோல்கள் 21.

இங்கே அன்பர்கள் சற்று எண்ணிப் பார்த்தல் நலம். பட்டத்தைத் தந்தது ஒரே ஒரு புள்ளி. அப்புள்ளி எந்த ஆட்டத்தில் கிடைத்தது? கடைசி நாளின் வெற்றியில் என்று கூறலாம். சமனில் முடிந்த நான்கு ஆட்டங்களுள் ஏதேனும் ஒன்று என்றும் கூறலாம். யாரும் கவனியாத ஒரு நாளில், காலியான இருக்கைகளின் முன்னே, தோல்வியைத் தவிர்க்க ஒருவர் தடுத்த பந்தும் அந்த 43இல் சேர்ந்திருக்கின்றது. ஒருவாரக் கோப்பைப் போட்டியில் ஒருநாள் சோர்ந்தால் வெளியேற வேண்டியதுதான். ஒருநாள் மின்னினால் புகழ். பருவம் முழுதும் ஆடும் லீக் அவ்வாறன்று. தோற்றவன் அடுத்த ஞாயிற்றுக்கிழமை மீண்டும் வந்து நிற்கவேண்டும். வென்றவனும் வந்து நிற்கவேண்டும். இதுவே ஆட்டக்காரனை உருவாக்குவது.

அப்படி உருவானவர்களின் தரத்தை அடுத்த மாதமே நாடு கண்டது. 2019 ஏப்ரலில் புவனேசுவரத்தில் நடந்த சூப்பர் கோப்பையில், இந்தியன் சூப்பர் லீக்கின் அவ்வாண்டு வாகையரான பெங்களூரு அணியைச் சென்னை சிட்டி 2–1 என்று வென்றது. அரையிறுதியில் கோவா அணியிடம் தோற்றது உண்மையே. எனினும் கீழடுக்கு என்று எண்ணப்பட்டதன் முதல்வர், மேலடுக்கின் முதல்வரை வென்றுகாட்டினர். 2019ஆம் ஆண்டில் எட்வின் வான்ஸ்பால் சென்னையின் எப்.சி. அணிக்கும் 2020ஆம் ஆண்டில் ரொமாரியோ ஜேசுராஜ் கோவா அணிக்கும் சென்றனர். படி தன் வேலையைச் செய்தது.

ஆனால் அக்கழகத்தின் கதை இன்பமாக முடியவில்லை. 2019இல் சுவிட்சர்லாந்தின் பாசல் கழகம் அதில் 26 விழுக்காட்டுப் பங்கை வாங்கியபோது பலரும் மகிழ்ந்தனர். 2020 சனவரியில் ஆசியப் போட்டியின் தகுதிச்சுற்றில் பகரைன் நாட்டு ரிஃபா அணியிடம் 0–1 எனத் தோற்றது. அவ்வாண்டு கொரோனா நோய்ப்பரவல் எல்லா அரங்குகளையும் மூடிவிட்டது. 2020–21ஆம் பருவத்துக்குப் பின் ஐ-லீக்கில் அக்கழகம் இல்லை. பட்டம் வென்று இரண்டே ஆண்டுகளில் அணி களத்தைவிட்டு மறைந்தது.

இதற்குக் காரணங்கள் பல இருக்கலாம். நம் கண்ணுக்குப் புலப்படும் ஒன்றை மட்டும் குறிப்பிடுகின்றோம். 2019இல் ஐ-லீக்கை வென்றவருக்கு மேலடுக்குக்கு ஏறும் வழி இல்லை. ஆட்டக்காரர் ஏறினர், கழகம் ஏற இயலவில்லை. 2022–23ஆம் பருவத்தில் வென்ற பஞ்சாப் அணிதான் ஐ-லீக் வெற்றியின் பயனாக முதன்முதலில் மேலே சென்றது. அடுத்த ஆண்டு கொல்கத்தாவின் முகமதன் கழகமும் அவ்வழியே சென்றது. கோவைக்கு அவ்வழி நான்காண்டு காலம் தாழ்த்தித் திறந்தது. ஏணியில்லாத மாடியை அண்ணாந்து பார்த்துக்கொண்டு எத்தனை நாள் பொருள் செலவிட முடியும்?

இனி நம் தீவுகளுக்கு வருவோம். சென்னையிலிருந்து கப்பலில் ஏறினால் இங்கு வந்துசேர மூன்று நாள்கள் ஆகின்றன. ஆகவே, “இங்கே ஆடி என்ன பயன்? திறமை உள்ளவன் கரைக்குப் போகட்டும்” என்று சொல்லும் பெற்றோர் நம்மிடையே பலர். அவர்களைக் குறை கூறோம். ஆயினும் நிக்கோபாரின் ஏசோ ஆல்பன் 2018 ஆகஸ்டில் சுவிட்சர்லாந்தின் ஏகிள் நகரில், இளையோர் உலக மிதிவண்டிப் போட்டியின் கெய்ரின் பந்தயத்தில் வெள்ளிப் பதக்கம் வென்றதை நினைவூட்டுகின்றோம். தீவில் பிறந்ததால் எவருக்கும் கால்வலிமை குறைந்துவிடுவதில்லை. குறைவது தொடர்ந்த பழக்கமும் தொடர்ந்த போட்டியுமே.

நம்மவர் நடத்தும் பந்தயங்கள் பெரும்பாலும் பொங்கலையோ கோயில் திருவிழாவையோ ஒட்டிச் சில நாள்களில் முடிந்துவிடுகின்றன. முதல் ஆட்டத்திலேயே தோற்ற அணியின் பிள்ளை அடுத்த பொங்கல் வரை காத்திருக்கின்றான். அவனுக்கு அந்த ஆண்டில் கிடைத்தது ஒரே ஆட்டம். இதற்கு மாற்று பெருஞ்செலவு உடையதன்று. ஆறு அணிகள் ஒன்றோடொன்று இருமுறை ஆடினால் ஓர் அணிக்குப் பத்து ஆட்டங்கள், மொத்தம் 30. ஞாயிறுதோறும் மூன்று ஆட்டங்கள் வீதம் பத்து வாரங்களில் முடித்துவிடலாம். பொங்கல் கழிந்து பங்குனி வரை மழை குறைந்த காலம்; திடல் காய்ந்திருக்கும். பொதுத்தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு மட்டும் விலக்கு அளித்தால் போதும். ஒரு விசிலும், இரண்டு பந்தும், புள்ளிகளைத் தவறாமல் குறித்துவைக்க ஒரு குறிப்பேடும் இருந்தால் பருவம் பிறந்துவிடும்.

ஆயினும் கோவை தந்த எச்சரிக்கையை மறத்தலாகாது. வென்றோர்க்கு ஒரு கேடயம் கொடுத்து அனுப்பிவிட்டால் அது முழுமையாகாது. பருவ முடிவில் நன்கு ஆடிய பதினைந்து இளைஞரைத் தேர்ந்து, மாவட்ட அணித் தேர்வுக்கோ கரையிலுள்ள ஒரு கழகத்தின் தேர்வுக்கோ அனுப்பும் கப்பற் செலவைச் சங்கத்தார் ஏற்க முன்வரவேண்டும். பள்ளிகளுக்கென 1960ஆம் ஆண்டு முதல் நடைபெற்றுவரும் சுப்ரதோ கோப்பை போன்ற வாய்ப்புகளை ஆசிரியப் பெருமக்கள் முன்னரே அறிந்து பிள்ளைகளை ஆயத்தம் செய்யவேண்டும். லீக்கோடு ஏணியும் சேர்ந்தே அமையவேண்டும் என்பது எம் கருத்து.

இத்தகைய லீக் ஒன்றில் தம் பகுதி அணியைச் சேர்க்க விரும்பும் அன்பர்கள் அணியின் பெயரையும், திடல் உள்ள இடத்தையும், பொறுப்பேற்போர் பெயரையும் அடுத்த இதழுக்குள் சங்கத்துக்கு எழுதியனுப்புமாறு வேண்டுகின்றோம். ஆறு மடல்கள் வந்தால் போதும்; ஆட்ட அட்டவணையை இப்பக்கத்திலேயே வெளியிடுவோம்.