தம்பி ஜெயித்த இரவு

1994 மார்ச் 20. நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கம். ரெஸில்மேனியா என்ற ரெஸ்லிங் திருவிழாவின் பத்தாவது ஆண்டு. முதல் சண்டையே அண்ணனுக்கும் தம்பிக்கும். அண்ணன் பிரெட் ஹார்ட், தம்பி ஓவன் ஹார்ட். கனடாவின் கால்கரி நகரத்துக்காரர்கள். அப்பா ஸ்டூ ஹார்ட் ஒரு மல்யுத்த வாத்தியார். வீட்டு நிலவறையிலேயே பாய் விரித்துப் பிள்ளைகளுக்கும் ஊரார் பிள்ளைகளுக்கும் பிடி சொல்லிக்கொடுத்தவர். அவருக்குப் பன்னிரண்டு பிள்ளைகள், கடைக்குட்டி ஓவன். இருபது நிமிடம் நடந்த அந்தச் சண்டையில் தம்பி ஜெயித்தான்.

போன வாரம் அந்த நிகழ்ச்சியை முதலிலிருந்து கடைசிவரை மறுபடி பார்த்தேன். முப்பது வருடத்துக்கு மேல் பழசு. படம் மங்கல், உடைகள் கண்ணைப் பறிக்கும் நிறத்தில், வர்ணனையோ காதைக் கிழிக்கிறது. ஆனாலும் அந்த முதல் இருபது நிமிடம் கொஞ்சமும் பழசாகவில்லை.

எங்கள் பண்ருட்டிப் பக்கம் கேபிள் கம்பி வீடுவீடாக வந்த காலத்தில்தான் இந்த ரெஸ்லிங்கும் வந்தது. ஸ்டார் குழுமத்தின் பிரைம் ஸ்போர்ட்ஸ் சேனலில் டபிள்யூ டபிள்யூ எஃப் ஓடும். டி.வி. இருக்கிற வீட்டுத் திண்ணையிலும் வாசலிலும் பிள்ளைகள் குவிவார்கள். இங்கிலீஷ் வர்ணனையில் ஒரு வார்த்தை புரியாது. ஆனால் யார் நல்லவன், யார் கெட்டவன் என்று இரண்டு நிமிடத்தில் புரிந்துவிடும். பெட்டிக்கடையில் ரெஸ்லிங் கார்டு விற்றது. உயரம், எடை, மார்பளவு, தோள்பட்டை என்று எண் சொல்லி எதிராளியின் சீட்டைப் பறிக்கும் ஆட்டம். அண்டர்டேக்கர் என்ற வீரனுக்கு ஏழு உயிர் என்று பள்ளிக்கூடம் முழுக்க ஒரு பேச்சு. அதை மறுத்துப் பேசிய பிள்ளையை நான் பார்த்ததில்லை.

பெரியவர்கள் மட்டும் ஒன்றையே சொல்வார்கள். "எல்லாம் செட்டப்புடா. அடிக்கிற மாதிரி அடிக்கிறான், விழுற மாதிரி விழுறான்."

உண்மைதான். இதில் ரகசியமும் இல்லை. 1989இல் டபிள்யூ டபிள்யூ எஃப் கம்பெனியே நியூஜெர்சி மாநில அரசிடம் போய், நாங்கள் நடத்துவது போட்டி அல்ல, பொழுதுபோக்கு என்று ஒப்புக்கொண்டது. விளையாட்டுகளுக்கான கட்டுப்பாட்டிலிருந்தும் வரியிலிருந்தும் விடுபட அது தேவைப்பட்டது. யார் ஜெயிப்பது என்பது முன்கூட்டியே முடிவானது. ஆடுகிற இருவருக்கும் அது தெரியும், நடுவருக்கும் தெரியும்.

ஆனால் செட்டப்பு என்று சொன்ன அதே பெரியவர்கள், திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் விடிய விடிய உட்கார்ந்து பதினெட்டாம் போர் கூத்துப் பார்த்தவர்கள். காலையில் படுகளத்துக்கும் போனவர்கள். துரியோதனன் சாகப்போகிறான் என்று அங்கே தெரியாதவர் யார்? பச்சைப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். களிமண்ணால் செய்த துரியோதனன் உருவம் தரையில் மல்லாந்து கிடக்கும். தொடைக்குள் சிவப்பு நீர் நிரப்பிய பானையைப் புதைத்திருப்பார்கள். அதுவும் ஊருக்கே தெரியும். ஆனாலும் பீமன் வேஷம் கட்டியவர் கதாயுதத்தோடு அந்த உருவத்தைச் சுற்றிச் சுற்றி ஓடும்போது, துரியோதன வேஷக்காரர் மேலே ஏறி நின்று சவால் விடும்போது, கூட்டம் மூச்சுப் பிடித்து நிற்கும். தொடை பிளந்து சிவப்பு தெறித்ததும் குலவை போடும். திரௌபதி கூந்தல் முடிந்த பிறகுதான் ஊருக்கு நிம்மதி. அங்கே நின்று யாரும் "முடிவு முன்னாடியே தெரியுமே" என்று சொன்னதாக நான் கேட்டதில்லை.

எங்கள் பண்ருட்டியைச் சேர்ந்த நடுநாட்டுக்காரர்களுக்கு ரெஸ்லிங்கைப் பார்க்க யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை என்று நான் சொல்வது இதனால்தான். முடிவு தெரிந்த சண்டையைப் பார்க்கும் கண் நமக்குத் தலைமுறை தலைமுறையாக வந்தது. யார் ஜெயித்தார் என்பது அங்கே கேள்வியே இல்லை. எப்படி ஜெயித்தார், தோற்றவர் எப்படித் தோற்றார் என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்வியோடு பார்த்தால் பிரெட்–ஓவன் சண்டை பெரிய கலை.

கதை எளிமையானது, நம் பங்காளிச் சண்டை மாதிரியே. அண்ணன் சாம்பியனாக இருந்தவன், ஊரே கொண்டாடுகிறவன். தம்பிக்கு அவன் நிழலில் நிற்பது வலிக்கிறது. 1993 நவம்பரில் சகோதரர்கள் நான்கு பேர் ஓர் அணியாக இறங்கி ஜெயிக்கிறார்கள். அவர்களில் ஓவன் மட்டும் தோற்று வெளியேறுகிறான், அதுவும் அண்ணன்மேல் தெரியாமல் மோதியதால். அடுத்த ஜனவரியில் இருவரும் சேர்ந்து ஆடும்போது, முழங்கால் அடிபட்ட அண்ணன் தம்பிக்குக் கைமாற்றித் தராமல் தானே முடிக்கப் பார்க்கிறான். சண்டை நிறுத்தப்படுகிறது. தம்பி கோபத்தில் அதே முழங்காலில் உதைக்கிறான். அண்ணனோ திருப்பி அடிக்க மாட்டேன் என்கிறான். மார்ச் மாதம்வரை கதை இப்படி இழுக்கப்பட்டு வந்து நிற்கிறது.

இப்போது சண்டை. மணி அடித்ததும் இருவரும் கைகோத்துப் பிடிபோடுகிறார்கள். ஓவன் ஒரு சின்னப் பிடியிலிருந்து தப்பியதும் இரண்டு கையையும் தூக்கிக் கொண்டாடுகிறான், ஏதோ உலகத்தையே ஜெயித்தவன் மாதிரி. கொஞ்ச நேரத்தில் அண்ணன் கன்னத்தில் ஓர் அறை. பிரெட்டின் முகத்தை அப்போது கவனிக்க வேண்டும். கோபம் வருகிறது, வந்ததை விழுங்குகிறான். தொழில் தெரிந்தவன் கை ஓங்கவே தயங்குகிறான் என்பதை உடம்பால் காட்டுகிறான். பதினெட்டாயிரம் பேர் உட்கார்ந்திருக்கும் அரங்கில் கடைசி வரிசைக்கும் அது தெரிய வேண்டும், தெரிகிறது.

நடுவில் பிரெட் மேடைக்கு வெளியே பாய்கிறான், முழங்கால் பிசகுகிறது. ஜனவரியில் தம்பி உதைத்த அதே கால். ஓவன் அதைப் பார்த்துவிடுகிறான். அதற்குப் பிறகு அவன் அடிக்கிற அடி எல்லாம் அந்தக் காலுக்குத்தான். முறுக்குகிறான், கம்பத்தில் சாத்துகிறான், அண்ணனுக்கே பெயர் வாங்கித்தந்த ஷார்ப்ஷூட்டர் பிடியை அண்ணனுக்கே போடுகிறான். பிரெட் அதிலிருந்து மீண்டு திருப்பி அடிக்கும்போதும் காலை இழுத்துக்கொண்டேதான் அடிக்கிறான். சாதாரண நடிகன் இந்த இடத்தில் நொண்டுவதை மறந்துவிடுவான். பிரெட் ஒரு விநாடிகூட மறக்கவில்லை.

கடைசியில் பிரெட் மூலைக்கம்பத்திலிருந்து தம்பியின் தோள்மேல் ஏறி உருட்டி வீழ்த்தப் பார்க்கிறான். ஓவன் அப்படியே அவன்மேல் உட்கார்ந்து அமுக்குகிறான். ஒன், டூ, த்ரீ. பெரிய அடி இல்லை, ஏமாற்று இல்லை, வெளியாள் உதவி இல்லை. சுத்தமான வெற்றி. அரங்கம் ஒரு கணம் நம்ப மறுக்கிறது. தம்பி ஜெயிக்கப்போகிறான் என்பதைவிட, அவன் நேர்மையாக ஜெயித்துவிட்டான் என்பதுதான் அந்தக் கதையின் முள். கெட்டவன் தரப்பிலும் நியாயம் இருக்கிறது என்று ஆகிவிடுகிறது. கூத்தில் துரியோதன வேஷத்தை நல்ல வாத்தியார் கட்டினால் இப்படித்தான் ஆகும். பீமன் தொடையில் அடித்தது முறையா என்று கிழவிகள் வீடு திரும்பும் வழியெல்லாம் பேசிக்கொண்டு போவார்கள்.

இரண்டாவது பெரிய சண்டை ஏணிச் சண்டை. ஷான் மைக்கேல்ஸும் ரேசர் ராமோனும். இன்டர்காண்டினென்டல் பட்டம் யாருக்கு என்று தகராறு. இருவரிடமும் ஒவ்வொரு பெல்ட். இரண்டையும் மேடைக்கு மேலே உயரத்தில் கட்டித் தொங்கவிட்டு, ஏணி போட்டு ஏறி எடுப்பவனுக்குச் சொந்தம் என்றார்கள். ஷான் ஏணி உச்சியிலிருந்து எதிராளிமேல் பறந்து விழுகிற காட்சியை அன்று பார்த்த எவரும் மறந்திருக்க மாட்டார்கள். எனக்குப் பிடித்தது அதுவல்ல. முடிவில் ஷான் கால் கயிற்றில் சிக்கித் துடிக்க, ரேசர் ஒவ்வொரு படியாக ஏறுகிறானே, அந்த மெதுவான ஏற்றம்தான். ஏணியைப் பிறகு எத்தனையோ சண்டைகளில் பயன்படுத்தினார்கள், இரண்டு மூன்று ஏணி, மேஜை, நாற்காலி என்று கூட்டிக்கொண்டே போனார்கள். எதுவும் இதன் பக்கத்தில் வரவில்லை. இங்கே அந்த ஏணி மூன்றாவது ஆளாகவே ஆடியது.

மற்றவை பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கோமாளி வேஷச் சண்டை, அரை நிமிடத்தில் முடிந்த சண்டை, லெக்ஸ் லூகரும் யோகோசூனாவும் இழுத்து இழுத்துச் சலிக்க வைத்த சண்டை. தள்ளிவிட்டுப் பார்க்கலாம். யோகோசூனா என்ற பெயரில் ஜப்பானிய சுமோ வீரனாக வந்தவர் உண்மையில் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்த சமோவா வம்சத்துக்காரர். அந்தப் பெரிய உடம்போடு அவர் விழுகிற விழுகையில் இருந்த நேர்த்திக்கு இன்றுவரை தகுந்த மரியாதை கிடைக்கவில்லை என்பது என் வருத்தம்.

அன்றிரவு கடைசிச் சண்டையில், காலை நொண்டிக்கொண்டே வந்த பிரெட் அந்த யோகோசூனாவை வீழ்த்தி உலகப் பட்டத்தை எடுக்கிறான். சக வீரர்கள் எல்லோரும் மேடையேறி அவனைத் தோளில் தூக்குகிறார்கள். நடைபாதையில் ஓவன் வந்து நிற்கிறான். பேசவில்லை, அடிக்கவில்லை. பார்க்கிறான், அவ்வளவுதான். சாயங்காலம் அண்ணனை ஜெயித்தவன் அவன்; ராத்திரி பட்டம் அண்ணன் கையில். வசனமே இல்லாமல் அடுத்த ஆறு மாதக் கதையை அந்தப் பார்வையில் எழுதிவிட்டார்கள்.

கூத்தில் வேஷம் முதன்முதலாக வரும்போது இரண்டு பேர் திரை பிடிப்பார்கள். திரைக்குப் பின்னால் சலங்கை கேட்கும், கிரீடத்தின் நுனி தெரியும், பாட்டு வரும். கட்டியக்காரன் யார் வருவது என்று கேட்டு, பெருமை சொல்லி, கிண்டலும் செய்வான். ரெஸ்லிங்கில் விளக்கு அணைந்து இசை ஒலிப்பதும், மேனேஜர் முன்னால் வந்து வாய்வீச்சு வீசுவதும் அதே இலக்கணம். ஒன்றிலிருந்து இன்னொன்று வந்தது என்று நான் சொல்லவில்லை. பெருங்கூட்டத்தைக் கட்டிப்போட வேண்டிய எந்தக் கலையும் இந்த வழிக்குத்தான் வந்து சேரும் போலிருக்கிறது.

இன்னொரு ஒற்றுமை உண்டு. அதுதான் என்னை இதை எழுத வைத்தது. இரண்டிலும் முடிவு பொய்யாக இருக்கலாம், வலி பொய் இல்லை. மரப்பலகைமேல் மெல்லிய மெத்தை விரித்த மேடையில் முதுகு அடிபட விழுவது நடிப்பல்ல. விழத் தெரிந்தவனுக்கும் எலும்பு தேயும். மரக்கட்டையில் செய்த கிரீடமும் புஜக்கட்டையும் கட்டிக்கொண்டு ராத்திரி முழுக்கச் சுழன்று ஆடுகிற கூத்துக் கலைஞரின் முழங்காலும் அப்படித்தான் தேய்கிறது. எதிராளியைக் காயப்படுத்தாமல் ஆடுவதைத் தன் தொழிலின் முதல் பெருமையாகச் சொன்னவர் பிரெட் ஹார்ட். அவரது ஆட்டம் முடிந்ததே இன்னொருவர் தவறிக் கொடுத்த உதையால்தான். 1999 டிசம்பரில் தலையில் பட்ட அந்த அடிக்குப் பிறகு அவரால் அதிக நாள் தொடர்ந்து ஆட முடியவில்லை.

ஓவனுக்கு அந்த அளவு காலம்கூடக் கிடைக்கவில்லை. 1999 மே 23, கன்சாஸ் சிட்டி. அரங்கத்தின் கூரையிலிருந்து கயிற்றில் இறங்கி வரும்படி அவருக்கு ஒரு வருகை ஏற்பாடு செய்திருந்தார்கள். கொக்கி விட்டுப்போனது. உயரத்திலிருந்து மேடைமேல் விழுந்தார், இறந்தார். முப்பத்து நான்கு வயது, இரண்டு சிறு பிள்ளைகள். அவரை எடுத்துப்போன பிறகும் நிகழ்ச்சி தொடர்ந்தது. அவர் விழுந்த அதே மேடையில் அடுத்த சண்டைகள் நடந்தன. டி.வி. பார்த்தவர்களுக்கு வர்ணனையாளர் ஜிம் ராஸ் மரணச் செய்தியைச் சொன்னார். அரங்கில் இருந்தவர்களுக்குச் சொல்லப்படவே இல்லை. இதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது. செய்தது தவறு. படுகளத்தில் துரியோதன வேஷக்காரருக்கு ஒன்று ஆகிவிட்டால் எந்தக் கூத்து ஜமாவும் ஆட்டத்தைத் தொடராது, எந்த ஊரும் தொடர விடாது.

அந்த மல்லர்களுக்கு இன்றுவரை தொழிற்சங்கம் இல்லை. கம்பெனியின் ஊழியர்கள் என்றுகூடக் கணக்கில் வருவதில்லை, தனித்தனி ஒப்பந்தக்காரர்கள்தான். நம் கூத்துக் கலைஞர்கள் நிலைமையும் பெரிதாக மேல் இல்லை. திருவிழாச் சீசன் முடிந்தால் முந்திரிக் காட்டிலும் கரும்புக் கொல்லையிலும் கூலிக்குப் போகிறவர்கள் அவர்களில் நிறையப் பேர். ஆட்டத்தில் கால் பிசகினால் வைத்தியச் செலவு அவர்கள் கையிலிருந்துதான்.

ஆகவே ரெஸில்மேனியா பத்தைத் தேடிப் பாருங்கள். முதல் சண்டையும் ஏணிச் சண்டையும் போதும்; நேரமிருந்தால் கடைசிச் சண்டையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளோடு உட்கார்ந்து பாருங்கள். பாய் போட்டுக்கூட வீட்டில் இதைச் செய்யக்கூடாது என்று சொல்லிவையுங்கள். செட்டப்பு என்று சொல்லி அவர்களைக் கிளப்பிவிடாதீர்கள். தோற்கிறவனைக் கவனிக்கச் சொல்லுங்கள்.

திருவிழா வரும்போது உங்கள் ஊர்ப் படுகளத்துக்கு அவர்களைக் கூட்டிக்கொண்டு போங்கள். பீமனுக்கு அன்பளிப்பாக ரூபாய் நோட்டுக் குத்த ஆள் எப்போதும் இருக்கும். நீங்கள் துரியோதனனுக்குக் குத்துங்கள். விழாக் கமிட்டியில் நீங்கள் இருந்தால், ஜமாவுக்குப் பேசுகிற கூலியோடு அந்த ராத்திரிக்கு ஒரு விபத்துக் காப்பீட்டுத் தொகையையும் சேர்த்தே பேசுங்கள்.