சிபில் கார்த்திகேசுவை எப்படிச் சொல்லிக் கொடுப்பது?

சுதந்திர மாதம் வந்துவிட்டால் சிபில் கார்த்திகேசுவின் பெயர் பள்ளிச் சபைகூடலில் ஒலிப்பதுண்டு. மகிழ்ச்சியே. ஆனால் கதை பெரும்பாலும் சித்திரவதையில் தொடங்கி அதிலேயே முடிகிறது. எனக்கு இதில் உடன்பாடில்லை.

1899-இல் மேடானில் பிறந்த யுரேசியப் பெண் அவர். பயிற்சி பெற்ற தாதி, மருத்துவச்சி. 1919-இல் இலங்கைத் தமிழ் மரபினரான டாக்டர் கார்த்திகேசுவை மணந்தார். இருவரும் ஈப்போவில் கிளினிக் நடத்தினர். ஜப்பானியர் நெருங்கியபோது பாப்பான் என்னும் சிற்றூருக்குக் குடிபெயர்ந்தனர்.

பிள்ளைகள் அறிய வேண்டியது அந்தப் பாப்பான் வீட்டைத்தான். சீன நோயாளிகளிடம் அவர் கண்டனீசிலேயே பேசினார். காயத்தோடு இரகசியமாக வந்த கெரில்லா வீரர்களுக்கும் மருந்திட்டார். 1943-இல் கெம்பெய்தாய் அவரைக் கைது செய்தது. சின்ன மகளை மரத்தில் தொங்கவிட்டு மிரட்டியபோதும் அவர் யாரையும் காட்டிக் கொடுக்கவில்லை. தம்மை நம்பி வந்த நோயாளிக்குத் தாதி ஆற்ற வேண்டிய கடமை அது. பத்து வயதுப் பிள்ளைக்கு இவ்வளவு போதும். அடியையும் இரத்தத்தையும் விவரிக்க வேண்டாம்.

தமிழ்ப்பள்ளியில் செபத்தைப் பற்றி எதற்கு என்று சில பெற்றோர் கேட்கலாம். அவர் பக்தியுள்ள கத்தோலிக்கர். அதை நீக்கினால் அவர் அவராக இருக்கமாட்டார். நம் வகுப்பில் கத்தோலிக்கப் பிள்ளைகளும் அமர்ந்திருக்கிறார்களே!

1947-இல் ஜார்ஜ் பதக்கம் பெற்றார். 1948-இல் பிரிட்டனில் காலமானார். மறு ஆண்டு அவரது உடல் ஈப்போவுக்குக் கொண்டுவரப்பட்டு, செயின்ட் மைக்கேல் தேவாலயத்தை அடுத்த கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டது. பேராக் ஆசிரியர்களே, அடுத்த கல்விச் சுற்றுலாவில் ஈப்போவையும் பாப்பானையும் சேர்த்துக்கொள்ளலாமே?