இப்படி யார் பேசுவார்கள்?



கடந்த ஜூன் மாதப் பள்ளி விடுமுறையில் பாசிர் ரிஸ் வட்டாரத்தில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்காக நான்கு நாள் குறும்படப் பயிற்சி ஒன்று நடைபெற்றது. தமிழ் வசனங்களைப் பார்த்துத் தருமாறு என்னை அழைத்திருந்தார்கள். கேமராவைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஒற்றுப்பிழை திருத்தத் தெரியும். அதற்காகத்தான் அழைக்கிறார்கள் என்று எண்ணிச் சென்றேன்.

சென்ற பிறகுதான் தெரிந்தது, அங்கே திருத்த வேண்டியது ஒற்றுப்பிழையை அன்று என்று.

நான்கு மாணவர்கள் அடங்கிய ஒரு குழுவின் கதை இது. காணாமற்போன பாட்டியைப் பேரன் தேடி அலைகிறான். இறுதியில் புளோக்கின் கீழ்த்தளத்தில் அவர் தனியே அமர்ந்திருப்பதைக் காண்கிறான். நல்ல கதைதான். பிள்ளைகள் அதனை முழுவதும் ஆங்கிலத்தில் எழுதிவிட்டு, வசனங்களை மட்டும் கணினியிடம் கொடுத்துத் தமிழாக்கியிருந்தார்கள். பேரன் ஓடி வந்து சொல்கிறான்: "பாட்டி, நீங்கள் எங்கே சென்றீர்கள்? நான் உங்களைப் பற்றி மிகவும் கவலைப்பட்டேன்." வாக்கியத்தில் பிழையே இல்லை. கட்டுரையாக இருந்தால் நான் சிவப்பு மையைத் தொட்டிருக்க மாட்டேன்.

பாட்டியாக நடிக்க வந்தவர் அக்குழுவிலிருந்த ஒரு மாணவியின் சொந்தப் பாட்டி. ஒத்திகையில் அந்த வசனத்தைக் கேட்டதும் அவர் சிரித்துவிட்டார். "இப்படி யாருப்பா பேசுவா? ஒன் வீட்டுப் பாட்டிகிட்ட நீ இப்படித்தான் பேசுவியா?" என்று கேட்டார். பையன் தயங்கி, வீட்டில் பாட்டியிடம் ஆங்கிலத்தில்தான் பேசுவேன் என்றான். சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அந்த அம்மையார் அவனை அருகே அமர்த்திக்கொண்டு, "எங்க பாட்டி போனீங்க? பயந்துட்டேன்" என்று சொல்லிக் காட்டினார். அவன் ஏழெட்டு முறை சொல்லிப் பார்த்தான். "பயந்துட்டேன்" என்ற சொல்லில் அவன் குரல் மெல்ல இறங்கியபோது, எனக்கே தொண்டை அடைத்தது. அந்த ஒரு சொல்லை என் வகுப்பில் ஓராண்டு முயன்றும் நான் கற்றுத் தந்திருக்க முடியாது.

தமிழ்ப் பாடத்திட்டத்தையும் கற்பித்தல் முறையையும் ஆராய அமைக்கப்பட்ட குழு 2005-ஆம் ஆண்டு அளித்த பரிந்துரைகள் மூத்த ஆசிரியர்களுக்கு நினைவிருக்கும். வகுப்பறையில் பேச்சுத் தமிழுக்கு உரிய இடம் தர வேண்டும் என்பது அவற்றுள் முக்கியமானது. அதன்பின் பாடநூல்களும் பயிற்சிகளும் மாறின. இன்று தொடக்கநிலை இறுதித் தேர்வின் வாய்மொழிப் பகுதியிலேயே மாணவர் ஒரு காணொளியைப் பார்த்து, அதைப் பற்றித் தேர்வாளரோடு உரையாட வேண்டியிருக்கிறது. ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். பேச்சுத் தமிழையும் நாம் மனப்பாடப் பகுதியாகவே ஆக்கிவிட்டோம். துணைப்பாட வகுப்புகளில் "இக்காணொளியில் நான் காண்பது யாதெனில்" என்று தொடங்கும் விடையை அச்சடித்துத் தருகிறார்கள். நானும் தந்திருக்கிறேன்.

படப்பிடிப்புத் தளத்தில் அது செல்லாது. பொய்யான வசனத்தை நடிப்பவரின் வாய் ஏற்க மறுக்கிறது. காதணியின் வழியே கேட்டுக்கொண்டிருக்கும் ஒலிப்பதிவாளர் முகத்தைச் சுளிக்கிறார். மதிப்பெண்ணுக்கு அங்கே வேலை இல்லை.

இப்பயிற்சியில் வேறு என்னதான் கற்கிறார்கள் என்று பெற்றோர் சிலர் கேட்டார்கள். பெரும்பாலும் காத்திருக்கக் கற்கிறார்கள்! பாசிர் ரிஸ்ஸில் வெளிப்புறத்தில் ஒலிப்பதிவு செய்வதென்றால் வானத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு பக்கம் சாங்கி விமான நிலையம், மறுபக்கம் பாய லேபார் ஆகாயப்படைத் தளம். போர்விமானம் ஒன்று கடந்தால் அந்தக் காட்சியை மீண்டும் எடுக்க வேண்டியதுதான். அதே காரணத்தால், பூங்காவின் சதுப்புநிலக் காட்டை ட்ரோன் கொண்டு படம்பிடிக்கும் ஆசையையும் பிள்ளைகள் கைவிட்டார்கள். தளங்களுக்கு அருகில் அனுமதியின்றி அதைப் பறக்கவிட இயலாது. திரைக்கதையின் ஒரு பக்கம் ஏறத்தாழ ஒரு நிமிடப் படம் என்ற கணக்கைக் கற்றார்கள். ஐந்து நிமிடப் படத்துக்கு ஒன்பது பக்கம் எழுதியிருந்த குழு, நான்கு பக்கங்களை வெட்ட நேர்ந்தபோது அழுதேவிட்டது. கட்டுரையில் சொல் எண்ணிக்கையைக் கூட்டவே பழக்கப்பட்ட பிள்ளைகளுக்கு இது புதிது. எதை நீக்கினாலும் கதை நிற்கும், எதை நீக்கினால் விழும் என்று அவர்கள் வாதிட்டதைக் கேட்டபோது, இலக்கிய வகுப்பில் நான் எதிர்பார்த்து ஏமாந்த உரையாடல் இதுதானே என்று தோன்றியது.

இப்போது என் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் என் மாணவர் ஒருவர் சாதாரண நிலைத் தேர்வு முடிந்தவுடன் என்னிடம் வந்தார். பலதுறைத் தொழிற்கல்லூரியில் திரைப்படத் துறையில் சேர விரும்பினார். தந்தைக்குச் சம்மதமில்லை. "நீங்க சொன்னா அப்பா கேப்பாரு சார்" என்றார். நான் தந்தையின் பக்கம் நின்றேன். படம் எடுப்பதைப் பொழுதுபோக்காக வைத்துக்கொள், வணிகம் படி என்று அறிவுரை கூறினேன். அந்தப் படிப்பில் என்ன கற்பிக்கிறார்கள் என்று ஒரு நாளாவது விசாரித்துப் பார்த்தேனா? இல்லை. அண்மையில் தேக்கா நிலையத்தில் அவரைச் சந்தித்தேன். அலுவலக வேலை; வார இறுதிகளில் திருமணங்களைப் படம்பிடித்துத் தருகிறாராம். "நீங்க அன்னிக்குச் சொன்னது சரிதான் சார்" என்றார். என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னார் என்பது புரிந்தது. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

தந்தையின் அச்சம் வெறும் அச்சம் அன்று. நம் நாட்டில் முழுநேரத் தமிழ்த் தொலைக்காட்சி ஒளிவழி வசந்தம் ஒன்றுதான். அதுவும் தனி ஒளிவழியானது 2008-இல். திரைத்துறை படித்து வெளிவருவோரில் பலர் நிறுவனங்களுக்கான விளம்பரப் படங்களும் நிகழ்ச்சிப் பதிவுகளும் செய்தே வாழ்கிறார்கள். இதை மறைத்துப் பிள்ளைகளை ஊக்குவிப்பது நேர்மையாகாது. எனினும் இன்று வழிகள் மூடியும் இல்லை. நீ ஆன் பலதுறைத் தொழிற்கல்லூரியில் படித்த அந்தோணி சென் 2013-ஆம் ஆண்டு கான் விழாவில் 'இலோ இலோ' படத்துக்காகத் தங்கக் கேமரா விருது பெற்றார். தேர்வு முடிவுக்கு முன்பே ஆர்வத்தையும் திறனையும் கண்டு இடமளிக்கும் முன்கூட்டிய சேர்க்கை முறையும் தொழிற்கல்லூரிகளில் இருக்கிறது. உங்கள் பிள்ளை எடுத்த குறும்படம் அங்கே ஒரு சான்றாக நிற்கக்கூடும்.

என் கவலை வேறு. தமிழ்ப் பிள்ளைகள் படம் எடுக்கக் கற்பார்கள், அதில் ஐயமில்லை. ஆனால் அவர்கள் எந்த மொழியில் சிந்தித்து எடுப்பார்கள்? 2008-இல் கான் விழாவின் போட்டிப் பிரிவுக்குச் சென்ற முதல் சிங்கப்பூர்ப் படம் 'மை மேஜிக்'. பெரும்பகுதி தமிழ் பேசும் அப்படத்தை இயக்கிய எரிக் கூ தமிழர் அல்லர். நம் மொழிமேல் நம்மைவிட அவருக்கு நம்பிக்கை இருந்தது என்று பெருமைப்படுவதா, வெட்கப்படுவதா? பின்னர் 2016-இல் கே. ராஜகோபாலின் 'எ யெல்லோ பேர்ட்' அதே கான் நகரில் விமர்சகர் வாரத்தில் திரையிடப்பட்டபோது எனக்குச் சற்று ஆறுதலாக இருந்தது.

மட்டக்களப்பில் பிறந்து, புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு பயின்ற பாலு மகேந்திரா, பிற்காலத்தில் சென்னையில் 'சினிமாப் பட்டறை' நடத்தினார். கேமராவால் புகழ்பெற்ற அம்மனிதர், தம்மிடம் உதவியாளராகச் சேர்ந்த வெற்றிமாறனைத் தமிழ்ச் சிறுகதைகளைப் படித்துச் சுருக்கம் எழுதச் சொன்னார். வெற்றிமாறனோ கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்தவர்! தமிழ்ச் சிறுகதைகளையே படமாக்கிக் 'கதை நேரம்' என்று தொலைக்காட்சியில் தந்தவரும் பாலு மகேந்திராதான். இங்கே விடுமுறைப் பயிற்சி நடத்துவோர் முதல் நாளிலேயே கேமராவைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். பிள்ளைகளுக்கு மகிழ்ச்சிதான். எனக்கு முதல் நாளைக் கேளுங்கள். ஒரு நாள் போதும். ஒரு சிறுகதையைப் படித்துவிட்டு, அதிலிருந்து ஒரே ஒரு காட்சியை, ஆங்கிலத்தில் எழுதாமல், நேரே தமிழில் எழுத வைக்கிறேன். எழுத்துப்பிழை இருந்தால் இருக்கட்டும். அதைப் பின்னர் திருத்திக்கொள்ளலாம். பள்ளிகளில் குறும்படப் போட்டி நடத்தும் ஆசிரியர்களும் பின்னணி இசைக்கும் வண்ணத்துக்கும் மதிப்பெண் இடுவதற்கு முன், அந்த வசனத்தை யாரிடம் கேட்டு எழுதினாய் என்று ஒரு கேள்வி கேட்க வேண்டுகிறேன்.

அந்தக் குழுவின் படத்தில் ஒளி சில இடங்களில் மங்கல். கடைசிக் காட்சியில் தொலைவில் ரயில் ஓசையும் கேட்கிறது. பையனின் வீட்டில் அதனை மூன்று முறை போட்டுப் பார்த்தார்களாம். அவனுடைய பாட்டி நான்காம் முறையும் போடச் சொன்னாராம்.

டிசம்பர் விடுமுறையில் மீண்டும் ஒரு பயிற்சி நடத்தலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறோம். பிள்ளைகளைச் சேர்க்க விரும்பும் பெற்றோர், இயன்றால் வீட்டிலுள்ள தாத்தா பாட்டியையும் உடன் அனுப்பி வையுங்கள். நாற்காலிக்கும் தேநீருக்கும் நான் பொறுப்பு.