தமிழை வளர்த்தது அருளா? கணக்குப் புத்தகமா?

தமிழ் தெய்வ மொழியென்றும், தெய்வ அருளாலேயே அது வாழ்ந்து வருகின்றதென்றும் மேடைதோறும் பேசுகின்றார்கள். அப்படியானால் 1920-ம் வருஷத்தில் ஒரே திருநெல்வேலி ஜில்லாவில் நடந்த இரண்டு காரியங்களுக்கு இவர்கள் சமாதானம் சொல்லட்டும்.

முதலாவது, இன்று தென்காசி ஜில்லாவிலிருக்கும் கடையத்தில் நடந்தது. மனைவியின் ஊராகிய அங்கே குடியிருந்த பாரதியார், 1919-ல் எட்டயபுரம் ராஜாவுக்குச் சீட்டுக்கவி அனுப்பிப் பார்த்தார், பலனில்லை. 1920-ல் தம் எழுத்துக்களை 40 பகுதிகளாக, பகுதிக்கு 10,000 பிரதி வீதம் அச்சிடக் கடன் கேட்டுப் பலருக்கும் கடிதம் விடுத்தார். பணம் சேரவில்லை. மறு வருஷம் இறந்தே போனார். சக்தியை அவர் பாடியதில் குறைவொன்றுமில்லை. சக்தி ஒரு ரீம் காகிதமும் வாங்கித் தரவில்லை!

இரண்டாவது, திருநெல்வேலியில் நடந்தது. திருவரங்கம் பிள்ளையும் அவர் தம்பி வ. சுப்பையா பிள்ளையும் முன்னின்று, பங்குகள் சேர்த்து, சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகத்தை ஒரு கம்பெனியாகவே ஆரம்பித்தார்கள். சுப்பையா பிள்ளை பெரும்புலவர் என்று பெயரெடுத்தவரல்ல. 'கழக ஆட்சியாளர்' என்றே பெயரெடுத்தவர். அவர் பார்வையில் 1923-ல் 'செந்தமிழ்ச் செல்வி' வந்தது. சங்க நூல்களும் குறளும் அகராதியும் வந்தன. 1958-ல் சென்னையில் மறைமலையடிகள் நூல்நிலையம் வந்தது. 1969-ல் சர்க்கார் பத்மஸ்ரீ கொடுத்தது. 1983-ல் அவர் காலமானார்.

"அவர் சிவபக்தர், ஆதலால் சிவன் கைகொடுத்தார்" என்பார்கள். பாரதியார் மாத்திரம் நாஸ்திகரா? பக்தி இரண்டிடத்திலும் இருந்தது. பங்குதாரரும், பேரேடும், விற்பனையும் ஓரிடத்தில்தான் இருந்தன. வித்தியாசம் இவ்வளவே.

அக்கழகம் புராணங்களையும் அச்சிட்டுப் பரப்பியதை நாம் ஒருக்காலும் ஒப்பவில்லை. ஆனால் ராஜா வீட்டு வாசலில் நின்ற தமிழைச் சாதாரண ஜனங்களின் பங்குப் பணத்தில் நிறுத்திய காரியத்தை மறைப்பது யோக்கியமாகாது.

இன்றும் நமது ஊர்ச் சங்கங்களில் தலைவர் பதவிக்குப் பணக்காரரைத் தேடுகின்றோம்; அவருக்கு மாலை போடுகின்றோம். கணக்கெழுதி, புத்தகம் சுமந்து, பாக்கி வசூலிக்கின்றவனுக்குக் கூலியுமில்லை, மரியாதையுமில்லை. பிறகு, "சங்கம் படுத்துவிட்டது, காலம் கெட்டுவிட்டது" என்று புலம்புகின்றோம். படுத்தது காலத்தாலா, நம் புத்தியாலா? கோயில் உற்சவத்துக்கு வரி கொடுக்கின்ற அன்பர்கள், அதில் பாதியைப் புத்தகத்துக்கும், அதை விற்கின்றவனுக்கும் கொடுத்துப் பார்த்துப் பிறகு பதில் சொல்லட்டும்.