கத்ர் என்று சொல்லித் தப்பும் பயண ஏற்பாட்டாளர்களுக்கு



லீவு வருகுது. ஊரில் வெயில் கொளுத்துது. கிளப் கிளப்பாக, பெட்ச் பெட்சாக வேன் பேசியாச்சு. மகாஓயா, பதியத்தலாவை, மஹியங்கனை தாண்டி பதினெட்டு வளைவு ஏறி, ஹுன்னஸ்கிரியவில் திரும்பி மீமுரே. இன்னும் சிலர் கித்துல்கல. ஆற்றங்கரையில் டெண்ட் அடித்து ஒரு இரவு. போகவேண்டாம் என்று சொல்ல இதை எழுதவில்லை. போங்க. நக்கிள்ஸ் காட்டுக்குள் ஹீன் கங்கை ஓடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு சுபஹு தொழுவதே ஒரு பாக்கியம்.

நான் பேசப்போவது, ஒரு பொடியன் தண்ணீரில் போய் ஜனாஸா ஊருக்கு வந்த பிறகு நாங்கள் பேசும் பேச்சைப் பற்றி.

"அவன்ட கத்ர்." "மௌத்து எழுதின இடத்துக்குத்தானே போனான்." "தண்ணியில மௌத்தானவன் ஷஹீத்."

கடைசியாகச் சொன்னது ஹதீஸில் உள்ளது. பிள்ளையைப் பறிகொடுத்த உம்மாவுக்கு அதைவிடப் பெரிய ஆறுதல் இல்லை. மையத்து வீட்டில் அதைச் சொல்லுங்கள். ஆனால் அந்தப் பயணத்தை ஏற்பாடு செய்தவர் அதைச் சொல்லிக்கொண்டு எழும்பிப் போக ஏலாது. உமர் (ரலி) ஷாமுக்குப் போகிற வழியில் அங்கே கொள்ளைநோய் என்று கேள்விப்பட்டுத் திரும்பினார்கள். அல்லாஹ்வின் கத்ரை விட்டு ஓடுகிறீர்களா என்று அபூ உபைதா (ரலி) கேட்டபோது, ஒரு கத்ரிலிருந்து அல்லாஹ்வின் இன்னொரு கத்ருக்குத்தான் போகிறோம் என்ற கருத்தில் பதில் சொன்னார்கள். ஈமானில் உமரை மிஞ்சின ஆக்களா நாங்கள்?

பயணத்துக்குப் போடுகிற சாமான் லிஸ்ட்டைப் பாருங்கள். இறைச்சி எத்தனை கிலோ, அரிசி எத்தனை, சஹன் எத்தனை, கேஸ் அடுப்பு யார் கொண்டுவாறது, ஸ்பீக்கர் யார்ட. ஒரு கிராம் பிசகாது, மாஷா அல்லாஹ். கயிறு? லைஃப் ஜெக்கட்? யார் யாருக்கு நீந்தத் தெரியும் என்று ஒரு பெயர்ப் பட்டியல்? பாடசாலையில் இருந்து பிள்ளைகளைக் கூட்டிப்போவதென்றால் வலயக் கல்வி அலுவலகம் வரை அனுமதிக்கு அலையவேண்டும். அலைச்சல்தான், ஆனால் யாராவது ஒருவர் பொறுப்பென்று கையெழுத்து வைக்கிறார். அதே பொடியன்மார் கிளப்போடு போனால் கேட்க ஆளில்லை.

"எங்கட பொடியன்மார் கடல்ல நீந்தினவனுகள், ஆறென்ன ஆறு" என்று ஒரு வீராப்பு வேறு. உப்புத்தண்ணீர் உடம்பைத் தூக்கும். ஆற்றுத்தண்ணீர் அந்த அளவுக்குத் தூக்காது. மலைத்தண்ணீரின் குளிரில் திடீரெனப் பாய்ந்தால் மூச்சு அடைக்கும், கைகால் சொன்னபடி கேளாது. மேலே முழங்கால் ஆழம், இரண்டு எட்டு வைத்தால் பாறைக்குக் கீழே குழி. கல்லெல்லாம் பாசி.

அதைவிட மோசம் மழை. மார்ச், ஏப்ரலில் மலைநாட்டில் காலையில் வெயில், பின்னேரம் இடிமழை. நீங்கள் நிற்கிற இடத்தில் ஒரு துளி விழாது, மேலே மலையில் கொட்டும், கொஞ்ச நேரத்தில் அந்தத் தண்ணீர் உங்களிடம் வரும். தண்ணீர் கலங்கினால், சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால், இரைச்சல் மாறினால், சோற்றையும் பாத்திரத்தையும் விட்டுவிட்டு மேட்டுக்கு ஏறவேண்டும். இது தெரியாதவர்கள்தான் ஆற்றுக்கு நடுவே மணல் திட்டில் டெண்ட் அடிக்கிறார்கள். கித்துல்கலயில் மழையே வேண்டாம். மேலே மின்நிலையங்கள் இருக்கின்றன, தண்ணீர் விட்டால் களனி கங்கை ஏறும்.

ஊர்ச் சிங்கள மனிதர் ஒருவரிடம் "இங்க குளிக்கலாமா?" என்று கேட்க எங்களுக்கு வெட்கம். சில இடங்களில் எச்சரிக்கைப் பலகை சிங்களத்தில் மட்டும் இருக்கிறது. அது அரசாங்கத்தின் பிழை, சண்டை பிடிக்கவேண்டிய பிழை. ஆனால் சண்டை முடியும் வரை ஆறு காத்திருக்காது.

குடும்பமாகப் போகிறவர்களுக்கும் ஒன்று. பெண்பிள்ளைகள் உடுத்த உடுப்போடுதான் இறங்குகிறார்கள். நனைந்த அபாயா பாரமாகி காலைச் சுற்றும். நீந்தப் பழக்குவதற்கு ஊரில் அவர்களுக்கென்று ஒரு இடமும் நேரமும் நாங்கள் ஒதுக்கவில்லை, ஆனால் ஆற்றில் மட்டும் இறக்கிவிடுகிறோம்.

மூழ்குகிறவன் சினிமாவில் மாதிரி கத்தமாட்டான். வாய் தண்ணீர் மட்டத்தில் இருக்கும், சத்தம் வராது. பக்கத்தில் செல்ஃபி எடுத்துக்கொண்டிருப்பவனுக்கு அவன் விளையாடுகிற மாதிரித்தான் தெரியும். தெரிந்தவுடன் ஒருவன் பாய்வான், அவனைப் பிடிக்க இன்னொருவன். ஒரு வேனில் போன பொடியன்மார் இரண்டு மூன்று ஜனாஸாவாக வருவது இப்படித்தான். பாயவேண்டாம், எறியுங்கள். ஐந்து லீட்டர் தண்ணீர்க் கேன் ஒன்றை வெறுமையாக்கி மூடியை இறுக்கிக் கயிற்றில் கட்டினால் போதும். அதற்கு என்ன செலவு?

கிளப் தலைவர்மாரே, குளிக்கிற நேரம் முழுக்க கரையில் இருவர் நனையாமல் நின்று தலை எண்ணவேண்டும். அந்த இருவரின் பெயரை வேன் ஏறும் முன்னமே சொல்லுங்கள். ஹதீப்மாரே, லீவுக்கு முந்தின ஜும்ஆவில் பத்து நிமிடம் இதற்குத் தாருங்கள். வாப்பாமாரே, பயணக் காசு கேட்டு மகன் வந்தால் கரையில் நிற்கப்போவது யார் என்று கேளுங்கள். அவனுக்குப் பெயர் தெரியாவிட்டால் காசைக் கையில் வைத்துக்கொண்டு ஏற்பாட்டாளருக்கு ஒரு கோல் எடுங்கள்.