எக்ஸ்ரேக்குத் தெரியுமா பெரியம்மாவின் கஷ்டம்?

"ஆபரேஷன் வெற்றி!"

டாக்டர் சொன்னார். எக்ஸ்ரே படத்தையும் காட்டினார். வலது முழங்காலில் வைத்த செயற்கை மூட்டு, இம்மி பிசகாமல் உட்கார்ந்திருந்தது. தையல் போட்ட இடமும் நன்றாக ஆறியிருந்தது.

"எப்படி இருக்கிறீர்கள், அம்மா?" என்று கேட்டார்.

"நல்லா இருக்கேன், டாக்டர்" என்றார் என் பெரியம்மா.

அவ்வளவுதான். இரண்டே நிமிடம். அடுத்தவர் பெயரைக் கூப்பிட்டு விட்டார்கள்.

அன்று இரவு பெரியம்மா என்னிடம் மெல்லச் சொன்னார்: "முன்ன இருந்த வலி இல்ல, தம்பி. ராத்திரி தூங்குறேன். கடைக்கு நடக்குறேன். ஆனா தரையில உட்கார முடியல. கோயில்ல எல்லாரும் உட்கார்ந்து பேசுறாங்க. நான் மட்டும் தூணைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். மாடிப்படி இறங்கும்போது இன்னும் சுருக்குன்னு குத்துது."

"இதை டாக்டரிடம் சொல்வதுதானே?" என்றேன்.

"உங்க அண்ணன் பக்கத்துலயே நின்னானே! நகையை அடகு வச்சு ஆபரேஷன் பண்ணியிருக்கான். இன்னும் நோவுதுன்னு சொன்னா அவன் மனசு என்ன பாடுபடும்?"

இதைக் கேட்டதிலிருந்து எனக்கு ஒரே யோசனை. காய்ச்சலைத் தெர்மாமீட்டரால் அளக்கிறோம். ரத்த அழுத்தத்துக்கு ஒரு கருவி இருக்கிறது. பெரியம்மா தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாரே, அதை எதைக் கொண்டு அளப்பது?

12 கேள்விகள்

அளக்கலாம் என்று காட்டியிருக்கிறார்கள். இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி என்ற டாக்டர் 1962-ல் நல்லதொரு செயற்கை இடுப்பு மூட்டைப் பொருத்தினார். இன்றைய மூட்டு மாற்று ஆபரேஷனுக்கு அதுதான் அடிப்படை. அதற்குப் பிறகு வெகு காலம், ஆபரேஷன் பலித்ததா இல்லையா என்று தீர்ப்புச் சொன்னவர்கள் டாக்டர்களே. 1969-ல் அமெரிக்க டாக்டர் வில்லியம் ஹாரிஸ் 100 மார்க் போடும் ஒரு முறையை வகுத்தார். அதிலும் மார்க் போடுபவர் டாக்டர்தான். சமைத்தவரே ருசி பார்த்து, "பிரமாதம்" என்று சொல்லிக்கொள்வது போல!

ஆக்ஸ்போர்டில் சில ஆராய்ச்சியாளர்கள் இதைத் தலைகீழாக மாற்றினார்கள். 1996-ல் இடுப்புக்கும், 1998-ல் முழங்காலுக்கும் கேள்வித்தாள் தயாரித்தார்கள். ஒவ்வொன்றிலும் 12 கேள்விகள். பதில் சொல்ல வேண்டியவர் நோயாளி.

எல்லாம் சின்னச் சின்னக் கேள்விகள். கடந்த 4 வாரங்களில் குளித்துத் துடைத்துக்கொள்ளச் சிரமப்பட்டீர்களா? நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்ட பின் எழுந்தபோது வலித்ததா? ராத்திரி படுக்கையில் வலி தொந்தரவு செய்ததா? தனியாகக் கடைக்குப் போய்ச் சாமான் வாங்க முடிந்ததா? படியிறங்க முடிந்ததா? முட்டி போட்டு எழுந்திருக்க முடிந்ததா?

ஒவ்வொரு பதிலுக்கும் 0 முதல் 4 வரை மார்க். மொத்தம் 48. மார்க் ஏற ஏறக் கால் நன்றாக இருக்கிறது என்று பொருள்.

இன்னொரு கேள்வித்தாளும் உண்டு. ஐரோப்பிய ஆராய்ச்சியாளர்கள் 1987-ல் ஒன்றுகூடித் தொடங்கிய முயற்சியில் பிறந்தது. நடமாட்டம், தன் வேலையைத் தானே செய்துகொள்வது, அன்றாடக் காரியங்கள், வலி, மனக்கவலை ஆகிய ஐந்தைக் கேட்கிறது. கடைசியில் தெர்மாமீட்டர் போல் ஒரு கோடு. 0 முதல் 100 வரை. "இன்று உங்கள் உடல்நலம் எந்த இடத்தில் இருக்கிறது? குறி போடுங்கள்" என்கிறது. படித்தவரும் குறி போடலாம். படிக்காதவரும் விரலால் காட்டலாம்.

முன்னும் பின்னும்

இந்தக் கேள்விகளை ஆபரேஷனுக்குப் பிறகு மட்டும் கேட்டால் போதாது. முன்னாலும் கேட்க வேண்டும்.

ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். ஓர் அம்மாளுக்கு ஆபரேஷனுக்கு முன் 10 மார்க், பின்னால் 30. இன்னோர் அம்மாளுக்கு முன்னால் 30; பின்னால் 33. பின்னால் மட்டும் பார்த்தால் இரண்டாவது அம்மாள்தான் தேவலை என்று தோன்றும். ஆனால் முதல் அம்மாளுக்கு வாழ்க்கையே திரும்பக் கிடைத்திருக்கிறது. இரண்டாவது அம்மாளின் பணமும் வலியும் எதற்காகச் செலவாயின?

இங்கிலாந்து அரசு ஆஸ்பத்திரிகளில் 2009 ஏப்ரல் முதல் இப்படி முன்னும் பின்னும் கேட்கத் தொடங்கினார்கள். ஆபரேஷனுக்கு முன் ஒரு தாள். ஆறு மாதம் கழித்து ஒரு தாள். ஐந்து கேள்வித் தாளின்படி, இடுப்பு மூட்டு மாற்றியவர்களில் ஏறக்குறைய 10 பேரில் 9 பேருக்கு முன்னேற்றம். முழங்கால் மாற்றியவர்களில் 10 பேரில் 8 பேருக்கு. நல்ல கணக்குதான். அதே சமயம், மிச்சமுள்ள அந்த இரண்டு பேரை எக்ஸ்ரே காட்டிக் கொடுத்திருக்காது.

மார்க்கைத் தவறாகப் பயன்படுத்தவும் செய்யலாம். 2017-ல் இங்கிலாந்தின் சில பகுதிகளில், செலவைக் குறைக்க, குறிப்பிட்ட அளவுக்கு மேல் மார்க் வாங்கியவர்களுக்கு ஆபரேஷன் கிடையாது என்று திட்டம் போட்டார்கள். அறுவை மருத்துவர் சங்கம் கண்டித்தது. கண்டித்தது சரி. கஷ்டத்தைத் தெரிந்துகொள்ளத்தான் அளவுகோல். கதவைச் சாத்துவதற்கு அல்ல.

நம் வீட்டுக் கேள்வி

நம் நாட்டிலும் சில பெரிய ஆஸ்பத்திரிகளில் இப்படிக் கேட்கிறார்கள். எல்லா இடத்திலும் கேட்க வேண்டும் என்பது என் கட்சி. 2017 ஆகஸ்டில் மத்திய அரசு செயற்கை முழங்காலுக்கு உச்ச விலை கட்டியது. விலைக்குக் கணக்கு இருப்பது போல, பலனுக்கும் கணக்கு வேண்டாமா?

கேள்விகளை அப்படியே எடுத்துக்கொண்டாலும் போதாது. ஆக்ஸ்போர்டுக்காரர்கள் முட்டி போடுவதைக் கேட்டார்கள். சம்மணம் போடுவதைக் கேட்கவில்லை. அவர்கள் ஊரில் அந்தப் பழக்கம் இல்லை. இங்கே தரையில் உட்கார்ந்து சாப்பிடும் வீடுகள் எத்தனை! குந்தி உட்காரும் கக்கூஸ் உள்ள வீடுகள் எத்தனை! முழங்கால் மாற்றியவர்கள் குந்தி உட்காரக் கூடாது என்று டாக்டர்கள் பொதுவாகச் சொல்கிறார்கள். அப்படியானால் வீட்டுக் கக்கூஸை மாற்றுவதற்கும் சேர்த்துத்தான் பணம் தேட வேண்டும். இது ஆபரேஷனுக்கு முன்னாலேயே பேச வேண்டிய பேச்சு. பெரியம்மாவிடம் யாரும் பேசவில்லை. நாங்களும் கேட்கவில்லை. அந்தத் தவறில் எங்களுக்கும் பங்கு உண்டு.

"டாக்டருக்கு நேரம் ஏது? வெளியே கூட்டம் நிற்கிறதே!" என்பீர்கள். டாக்டர் கேட்க வேண்டாம். நர்சு கேட்கட்டும். எழுதத் தெரியாதவருக்குப் படித்துக் காட்டட்டும். பத்து நிமிட வேலை.

ஆனால் ஒரு நிபந்தனை. மகனோ, மருமகளோ, கணவரோ அந்த நேரத்தில் பக்கத்தில் நிற்கக் கூடாது. செலவு செய்தவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு "நோவுது" என்று சொல்ல நம் தாய்மார்களுக்கு வாய் வராது.

போன ஞாயிறு பெரியம்மாவிடம் அந்தக் கோட்டை வரைந்து காட்டினேன். வெகு நேரம் பார்த்தார். 70-ல் விரலை வைத்தார். "ஆபரேஷனுக்கு முன்னால்?" என்றேன். விரல் 20-க்கு இறங்கியது.

அண்ணன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அடுத்த மாதம் மறுபடியும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மாடிப்படியில் குத்துவதையும், தரையில் உட்கார முடியாததையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பெரியம்மா மட்டும் உள்ளே போவார். அண்ணன் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்.