நான்கைத் தாண்டினால் நாசமா?

ஏப்ரல் பிறந்தால் போதும், அமெரிக்கக் குதிரைப் பந்தயப் பத்திகளில் யாராவது ஒருவர் அந்தப் பழைய மந்திரத்தை ஓதிவிடுவார்: 'டோசேஜ் எண் நான்கைத் தாண்டிய குதிரை கென்டக்கி டெர்பியை ஜெயிக்காது.' கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. 1981இல் டெய்லி ரேசிங் ஃபார்ம் இதழில் லியோன் ராஸ்முசென் பரப்பிய சரக்கு இது. கணக்கு போட்டவர் ஸ்டீவன் ரோமன் என்ற வேதியியலாளர். மூன்று வயதுக் குதிரை 10 ஃபர்லாங், அதாவது சுமார் 2,000 மீட்டர் தாங்குமா என்பதை, நான்கு தலைமுறைப் பொலிகுதிரைகளுக்கு மதிப்பெண் போட்டே சொல்லிவிடலாமாம்.

'எண் பொய்த்ததில்லை' என்பது முதல் வாதம். 1998 ரியல் குவயட், 1999 காரிஸ்மாட்டிக், 2005 ஜியாகோமோ, 2009 மைன் தட் பேர்ட். நான்கும் நான்கைத் தாண்டியவை, நான்கும் டெர்பியை வென்றவை. மேலே போவோம்.

'இது அறிவியல்' என்பது இரண்டாவது. 1991இல் ஸ்ட்ரைக் தி கோல்ட் வென்றபோது அதன் எண் 9. உடனே அதன் தந்தை அலிடாரைச் சிறப்புப் பொலிகுதிரைகளின் பட்டியலில் சேர்த்தார்கள். எண் நான்குக்குக் கீழே இறங்கிவிட்டது. குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை!

மூன்றாவதுதான் பெரிய வாதம்: 'ரத்தம் பொய் சொல்லாது.' சரி, யாருடைய ரத்தம்? இந்தக் கணக்கில் தாயின் தந்தை உண்டு, தாய் கிடையாது. பத்து மாதத்துக்கு மேல் சுமந்தவளுக்குப் பூஜ்யம். அதைவிட வேடிக்கை, ஒரே தாய்தந்தைக்குப் பிறந்த எல்லாக் குட்டிகளுக்கும் ஒரே எண்தான். போல்ட் ரூலருக்கும் சம்திங்ராயலுக்கும் பிறந்தது தி பிரைட் என்ற பெண்குட்டி. குட்டிகளைப் பங்கிட நாணயம் சுண்டியதில் வென்ற ஆக்டன் ஃபிப்ஸ் அதை எடுத்துக்கொண்டார். அது ஒரு பந்தயமும் வெல்லவில்லை. தோற்ற செனரி குடும்பத்துக்கு அதே ஜோடியின் அடுத்த குட்டி போயிற்று. அதன் பெயர் செக்ரடேரியட். போல்ட் ரூலரின் பிள்ளைகளுக்கு 10 ஃபர்லாங் மூச்சு கிடையாது என்று அன்றும் பலர் அடித்துச் சொன்னார்கள். அதுவோ 1973 டெர்பியை 1 நிமிடம் 59.4 விநாடியில் ஓடி முடித்தது. அந்தச் சாதனை இன்றும் நிற்கிறது. ஐந்து வாரம் கழித்து பெல்மான்டில் 12 ஃபர்லாங், 31 குதிரை நீள வித்தியாசம். அக்காவுக்கும் தம்பிக்கும் டோசேஜ் எண் ஒன்றே. ரத்தம் எந்தக் குட்டியிடம் உண்மை பேசியது?

'தகுதிப் புள்ளிகளையும் சேர்த்துப் பார்த்தால் தப்பாது' என்பது கடைசி சமாளிப்பு. 2022இல் ரிச் ஸ்ட்ரைக் அந்தப் புள்ளிகளில் முதல் 20 குதிரைகளுக்குள் இல்லை. முந்தின நாள் ஒன்று விலகியதால் உள்ளே வந்து, 80க்கு 1 விலையில் வென்றது.

ஒன்பது ஃபர்லாங் தகுதிப் பந்தயத்தின் கடைசி ஃபர்லாங்கில் குதிரை எப்படி ஓடுகிறது என்று பாருங்கள். கண் இருந்தால் போதும். எண்தான் வேண்டும் என்பவர்கள் தாராளமாக எண்ணை நம்பிப் பணம் கட்டட்டும். ஜியாகோமோவுக்கும் மைன் தட் பேர்டுக்கும் 50க்கு 1 கிடைத்ததே, அந்தப் பணம் வேறு எங்கிருந்து வந்ததாம்?